உச்சாணிக் கொம்பில் ஒரு செல்போன் – எத்தனை நாளைக்கு?

"மச்சி, இந்தக் கம்பெனி போனை அடிச்சுக்க ஆளே கிடையாதுடா!"

ஹாஸ்டல் வராந்தாவில் இந்த வசனம் கேட்காத நாள் உண்டா? கம்பெனியின் பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ஐபோன் கட்சி. இன்னொருவர் சாம்சங் கட்சி. மூன்றாமவர் 'கம்மி விலையில் நிறைய ராம்' கட்சி. மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும் வரை வாதம் நடக்கும், முடிவு மட்டும் வராது.

நண்பர்களே! இதே வசனத்தை 2007-ஆம் ஆண்டில் நமக்கு மூத்தவர்களும் பேசினார்கள். அப்போது அந்தக் கம்பெனியின் பெயர் நோக்கியா. உலகத்தில் விற்ற ஸ்மார்ட்போன்களில் ஏறத்தாழ பாதி அவர்களுடையது. ஏழே வருடம். 2014-ல் அதன் செல்போன் தொழில் முழுவதும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

ஆகவே கேள்வி இதுதான். இன்று நன்றாக விற்கும் ஒரு ஸ்மார்ட்போன், நாளைக்கு நாள் மாறும் இந்தச் சந்தையில் தொடர்ந்து நிற்க முடியுமா? எது நிறுத்துகிறது, எது சாய்க்கிறது?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலர் டிப்ளமோ கையில் வந்ததும் போய் நிற்கப் போவது இந்த போன்களைச் செய்கிற தொழிற்சாலைகளின் வாசலில்தான். போன் சாய்ந்தால் லைன் நிற்கும். லைன் நின்றால்...? அந்தக் கதையையும் பின்னால் பார்ப்போம்.

பேப்பர் மில்லில் பிறந்த செல்போன்

பின்லாந்து நாட்டில் 1865-ல் ஒரு காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கியது நோக்கியா. ரப்பர் பூட்ஸ், கேபிள், டெலிவிஷன் என்று பல தொழில் பார்த்துவிட்டுத்தான் செல்போனுக்கு வந்து சேர்ந்தது. 1998-ல் அமெரிக்காவின் மோட்டரோலாவை முந்தி உலகின் முதல் இடத்தைப் பிடித்தது. 2012-ல் சாம்சங் முந்தும் வரை 14 வருடம் அந்த இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

2003-ல் வந்த நோக்கியா 1100 மாடலை எடுத்துக் கொள்ளுங்கள். டார்ச் லைட், தூசி புகாத கீ-பேட், நாள் கணக்கில் நிற்கும் சார்ஜ். சுமார் 25 கோடி போன்கள் விற்றன. கீழே விழுந்தால் மூன்றாகப் பிரியும். சேர்த்து மாட்டினால் மறுபடி பேசும்!

"சரிப்பா, அது சாதாரண போன். ஸ்மார்ட்போனில் கோட்டை விட்டுட்டாங்க" என்று சிலர் சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. ஸ்மார்ட்போனிலும் அவர்கள் முன்னோடிகள். 1996-லேயே மடக்கினால் போன், திறந்தால் குட்டிக் கம்ப்யூட்டர் என்று 'கம்யூனிகேட்டர்' மாடலைக் கொண்டு வந்தவர்கள். 2004-ல் 7710 என்ற தொடுதிரை போனையும் வெளியிட்டார்கள். ஐபோன் வருவதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே!

பணம் இல்லாமல் தோற்றார்களா? அதுவும் இல்லை. 2010-ல் ஆராய்ச்சிக்கென்று நோக்கியா செலவிட்டது, நெட்வொர்க் பிரிவையும் சேர்த்து, சுமார் 586 கோடி யூரோ. அதே ஆண்டில் ஆப்பிள் செலவிட்டது சுமார் 178 கோடி டாலர்தான்.

அறிவு இருந்தது. பணம் இருந்தது. பெயரும் இருந்தது. அப்புறம் என்னதான் ஆச்சு?

2007: குறைகள் நிறைந்த ஒரு போன்

2007 ஜனவரி 9 அன்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் காட்டினார். ஜூன் 29-ல் கடைக்கு வந்தது. அந்த முதல் ஐபோனை நோக்கியாவின் அன்றைய உயர்ந்த மாடலான என்-95 பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும். என்-95-ல் 5 மெகாபிக்சல் கேமரா, ஐபோனில் 2. என்-95-ல் 3ஜி உண்டு, ஜி.பி.எஸ். உண்டு; ஐபோனில் இரண்டும் கிடையாது. ஐபோனில் எழுத்தை காப்பி எடுத்து ஒட்டக்கூட முடியாது. பேட்டரியைக் கழற்ற முடியாது.

வைவாவில் இரண்டையும் பட்டியல் போட்டு ஒப்பிடச் சொன்னால் நோக்கியாவுக்குத்தான் முழு மார்க். ஆனால் வாங்குகிறவன் பட்டியலைப் பார்த்து வாங்கவில்லை. விரலைப் பார்த்து வாங்கினான்!

இந்த இடத்தில் கொஞ்சம் நம் பாடத்துக்குள் போக வேண்டும். தொடுதிரையில் இரண்டு ஜாதி உண்டு.

முதலாவது ரெசிஸ்டிவ். மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய படலங்கள், நடுவில் நூலிழை இடைவெளி. அழுத்தினால் இரண்டும் தொடும். தொட்ட இடத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். முதல் வருடம் படித்த வோல்டேஜ் டிவைடர்தான், வேறொன்றும் இல்லை. விலை குறைவு. குச்சியாலும் தொடலாம், கையுறையோடும் தொடலாம். ஆனால் அழுத்த வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு விரலைத் தனித்தனியாக அறிவது அதற்குச் சுலபமில்லை.

இரண்டாவது கெபாசிட்டிவ். கண்ணாடியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கட்டம் கட்டமான மின்முனைகள். நம் விரல் மின்சாரம் கடத்தும் பொருள். அது அருகே வந்தாலே அந்த இடத்தின் கெபாசிட்டன்ஸ் மாறும். அழுத்தவே வேண்டாம், தடவினால் போதும். இரண்டு விரலை வைத்தால் இரண்டு இடத்தில் மாற்றம். இரண்டையும் தனியாக அறியலாம். படத்தைக் கிள்ளிப் பெரிதாக்குகிறோமே, அந்த வித்தை இதனால்தான் வந்தது.

ஐபோன் எடுத்தது இரண்டாவது வழி. நோக்கியா 2008 நவம்பரில் கொண்டு வந்த 5800 மாடலில் இருந்தது முதல் வழி. அந்த போன் நன்றாகவே விற்றது. ஆனால் ஐபோனைத் தடவிப் பார்த்த கை அதை அழுத்திப் பார்த்ததும் முகம் சுளித்தது.

திரை வெளியே தெரிகிற விஷயம். பெரிய நோய் உள்ளே இருந்தது.

பலமே பலவீனம் ஆன கதை

நோக்கியா போன்களின் உள்ளே ஓடிய மென்பொருள் சிம்பியன். இங்கிலாந்தின் சியான் என்ற கம்பெனி கையடக்கக் கம்ப்யூட்டர்களுக்காக எழுதியதிலிருந்து பிறந்தது. நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா எல்லாரும் சேர்ந்து 1998-ல் சிம்பியன் கம்பெனியைத் தொடங்கினார்கள்.

மெமரி என்பது தங்கம் விலை விற்ற காலத்தில் எழுதப்பட்டது அது. ஆகையால் கஞ்சத்தனமாகவே எழுதினார்கள். ஒரு பைட் கூட வீணாகாது, பேட்டரி மிச்சம், மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும். அன்றைக்கு அது அற்புதமான பொறியியல். ஆனால் அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதுவதற்குள் எழுதுகிறவனுக்குத் தாவு தீர்ந்துவிடும். அதோடு அந்தத் திரைகள் எல்லாம் பொத்தானையும் அம்புக்குறியையும் மனதில் வைத்து வரையப்பட்டவை. விரலுக்கு ஏற்ப மாற்றுவது, பழைய வீட்டில் சுவரை இடிக்காமல் மாடிப்படி வைப்பது மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோக்கியா வருடத்துக்குப் பல டஜன் மாடல் விட்டது. ஒன்றில் பெரிய திரை, ஒன்றில் சின்னது. ஒன்றில் முழு கீ-போர்டு, ஒன்றில் பாதி. புரோகிராம் எழுதுகிறவன் அத்தனையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆப்பிளோ வருடத்துக்கு ஒரே மாடல்தான் விட்டது. 2010 வரை எல்லா ஐபோனிலும் ஒரே அளவு திரை.

2008 ஜூலை 10-ல் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்தது. முதல் நாள் சுமார் 500 ஆப்கள். முதல் சனி, ஞாயிறுக்குள் ஒரு கோடி டவுன்லோடு! விற்கிற விலையில் எழுதியவனுக்கு 70 சதவீதம், ஆப்பிளுக்கு 30 சதவீதம். அதே ஆண்டு அக்டோபரில் கூகிளின் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதை எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக் கொள்ளலாம். நோக்கியா தன் ஓவி ஸ்டோரைத் திறந்தது 2009 மே மாதம். பத்து மாதம்தான் தாமதம். ஆனால் அதற்குள் ஆப் எழுதுகிற கூட்டம் கூடாரத்தை மாற்றிவிட்டது.

இங்கேதான் கட்டுரையின் முக்கியமான விஷயம் வருகிறது. கூட்டம் இருக்கும் இடத்துக்கு ஆப் வரும். ஆப் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் வரும். இந்தச் சக்கரம் உங்கள் பக்கம் சுற்றினால் சுமாரான போன் கூட ஓடும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தங்கத்தில் போன் செய்தாலும் ஓடாது. கேமராவை, திரையை, பேட்டரியை எவனும் ஒரு வருடத்தில் காப்பி அடித்துவிடலாம். போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் காப்பி அடிக்க முடியாது.

பிளாக்பெர்ரியின் பூட்டிய கதவு

இதே பாடத்தைக் கனடாவில் இன்னொருவரும் படித்தார். வாட்டர்லூ நகரத்தின் ரிசர்ச் இன் மோஷன் கம்பெனி. 1999 முதல் பிளாக்பெர்ரி என்ற பெயரில் ஈ-மெயில் கருவிகள் விற்றது. குட்டி கீ-போர்டில் கட்டைவிரலால் டைப் அடிப்பார்கள். வக்கீல், பேங்க் மேனேஜர், மந்திரி எல்லோர் இடுப்பிலும் அதுதான்.

2005-ல் பி.பி.எம். என்ற செய்தி அனுப்பும் வசதி வந்தது. எஸ்.எம்.எஸ். காசு கிடையாது, படித்துவிட்டாரா என்றும் தெரியும். கிட்டத்தட்ட இன்றைய வாட்ஸ்அப். ஆனால் பிளாக்பெர்ரிக்கும் பிளாக்பெர்ரிக்கும் மட்டும்தான்! 'வேறு போனுக்குக் கொடுத்தால் நம் போனை யார் வாங்குவான்?' என்பது கணக்கு.

2009-ல் வாட்ஸ்அப் தொடங்கியது. எந்த போனாக இருந்தாலும் வா என்றது. பி.பி.எம். மற்ற போன்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2013 அக்டோபரில். அடுத்த சில மாதத்தில், 2014 பிப்ரவரியில், பேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியபோது அதில் 45 கோடி பேர் இருந்தார்கள். பூட்டைத் திறந்தபோது உள்ளே வர ஆளில்லை.

2016-ல் பிளாக்பெர்ரி சொந்தமாக போன் செய்வதை நிறுத்திக் கொண்டது. 2022 ஜனவரி 4 அன்று பழைய மாடல்களுக்கான சேவையும் அணைந்தது.

எண்ணிக்கை ஏறும்போதே இறங்கலாம்

"கீழே போறது அவங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்பீர்கள். தெரிவது அவ்வளவு சுலபமில்லை. காரணம், விற்பனை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது! 2010-ல் நோக்கியா விற்ற ஸ்மார்ட்போன்கள் 2009-ஐ விட அதிகம். பிளாக்பெர்ரி வைத்திருந்தோர் எண்ணிக்கை 2012-ல் 8 கோடியைத் தொட்டது. ஐபோன் வந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு!

சூட்சுமம் இதுதான். போன தடவை 50-க்கு 25 வாங்கினீர்கள். இந்தத் தடவை 100-க்கு 35. மார்க் ஏறியிருக்கிறது, போன தடவை பாஸ், இந்தத் தடவை பெயில்! மொத்தச் சந்தை ஊதும்போது எண்ணிக்கை ஏறும், பங்கு குறையும். மேனேஜர் அறையில் தொங்கும் வரைபடம் மேலே போகும். வாசலில் வெள்ளம் வந்து நிற்கும்.

2010 செப்டம்பரில் நோக்கியாவுக்கு ஸ்டீபன் ஈலோப் தலைவராக வந்தார். 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் எரிகிற மேடை மேல் நிற்கிறோம், குதித்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால் மருந்து? அதே மாதம் 11-ஆம் தேதி, இனி சிம்பியன் வேண்டாம், மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன்தான் எங்கள் வழி என்று அறிவித்தார். புது லூமியா போன் கடைக்கு வந்ததோ அந்த ஆண்டு நவம்பரில்!

கொஞ்சம் யோசியுங்கள். 'இந்தக் கடைப் பரோட்டா இனி போடமாட்டோம், ஒன்பது மாதம் கழித்து வேறு ஐட்டம் வரும்' என்று போர்டு மாட்டிவிட்டு, இன்றைக்குப் பரோட்டா சாப்பிட வாருங்கள் என்றால் யார் வருவார்? சிம்பியன் விற்பனை மளமளவென்று சரிந்தது. 2012 ஜூனில் இன்னொரு அடி. முதல் லூமியாக்களுக்கு அடுத்த விண்டோஸ் வராது என்று மைக்ரோசாப்ட் சொல்லிவிட்டது. நம்பி வாங்கியவன் நடுத்தெருவில்! ஆப் சக்கரமும் அந்தப் பக்கம் சுற்றவில்லை. ஐபோனில் 2010-லேயே இருந்த இன்ஸ்டாகிராம், விண்டோஸ் போனுக்கு வந்தது 2013 நவம்பரில்.

2013 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் 544 கோடி யூரோவுக்கு நோக்கியாவின் போன் தொழிலை வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கை மாறியது. 2015 ஜூலையில் அந்த மைக்ரோசாப்டே 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி 7,800 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

எரிந்தும் பிழைத்த போன்

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. 2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட்-7 வந்தது. சில நாட்களிலேயே ஆங்காங்கே போன்கள் தீப்பிடித்தன. செப்டம்பரில் திரும்பப் பெற்று மாற்றுப் போன் கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது! அக்டோபரில் அந்த மாடலையே இழுத்து மூடினார்கள். விமானத்தில் ஏற்றக் கூடாது என்று பல நாடுகள் தடை போட்டன. இதைவிட அவமானம் ஒரு போனுக்கு உண்டா?

ஆனால் சாம்சங் சாயவில்லை. 2017-ல் அடுத்த மாடலோடு வந்து நின்றது. எப்படி? பேட்டரியில் என்ன தப்பு என்பதைச் சோதனை செய்து 2017 ஜனவரியில் உலகத்துக்கே விளக்கினார்கள். அதைவிட முக்கியம், கெட்டது ஒரு மாடல்தான். அதன் அடியில் இருந்த ஆண்ட்ராய்டும், அதன் ஆப்களும், அதில் பழகிய கூட்டமும் கெடவில்லை. வாங்கியவன் இன்னொரு சாம்சங்குக்கு மாறினாலும் அவன் போன் நம்பர்கள், படங்கள், ஆப்கள் எல்லாம் கூடவே வந்துவிடும்.

நோக்கியா போன் தீப்பிடிக்கவில்லை, உடையவில்லை. ஆனால் விழுந்தது. சாம்சங் போன் எரிந்தது. ஆனால் நின்றது. ஒரு பொருளின் கோளாறு ஒரு வருடத்து வலி. அஸ்திவாரத்தின் கோளாறுதான் ஆளைக் கொல்லும்.

தன் பிள்ளையைத் தானே முந்தவிட்டவர்

சரி, ஆப்பிள் மட்டும் எப்படி இத்தனை வருடம்? 2006-ல் ஆப்பிளின் மொத்த விற்பனையில் சுமார் 40 சதவீதம் ஐபாட் என்ற பாட்டுப் பெட்டியிலிருந்து வந்தது. தட்டில் பாதிச் சோறு அது. பாட்டும் பாடுகிற போன் ஒன்று செய்தால் அந்தச் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்வது மாதிரி. தெரிந்தேதான் செய்தார்கள். நாம் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான் என்ற கணக்கு. அதற்கு முன்பே, 2005-ல், நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐபாட் மினியை நிறுத்திவிட்டு நானோவைக் கொண்டு வந்தவர்கள் அவர்கள். கடைசி ஐபாட் 2022 மே மாதம் நிறுத்தப்பட்டது. அழவேண்டிய அவசியம் ஆப்பிளுக்கு இல்லை. ஐபோன் அந்த இடத்தை எப்போதோ நிரப்பிவிட்டது.

இவர்களுக்கும் கர்வம் இல்லாமல் இல்லை. பெரிய போனை யாரும் வாங்க மாட்டார்கள் என்று 2010-ல் ஜாப்ஸ் சொன்னார். 2011-ல் சாம்சங் 5.3 அங்குல நோட் போனை விட்டது, ஜனங்கள் வாங்கினார்கள். 2014-ல் ஆப்பிளும் 5.5 அங்குலத்தில் ஐபோன் விட்டது. சொன்ன சொல்லைக் கட்டிக்கொண்டு அழாமல் மாற்றிக் கொண்டார்கள். அவர்கள் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி ஐபோன் நிலைக்குமா?

2023-ல் ஐபோன், எண்ணிக்கையிலும் சாம்சங்கை முந்தி உலகின் முதலிடத்துக்கு வந்ததாக ஐ.டி.சி. ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. 2024 நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த விற்பனை சுமார் 39,100 கோடி டாலர். அதில் ஐபோன் மட்டும் சுமார் 20,100 கோடி. பலம் இதுதான். பயமும் இதுதான். வீட்டில் பாதிச் சம்பளம் ஒருவருடையது என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்தாலே வீடு கலங்கும்.

காய்ச்சலுக்கான அறிகுறிகளும் இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் ஹுவாவே, அமெரிக்கத் தடைகளையும் மீறி சீனாவிலேயே செய்த சிப்புடன் மேட்-60 புரோ போனைக் கொண்டு வந்து ஆப்பிளின் பெரிய சந்தையான சீனாவில் போட்டியைக் கூட்டியது. 2024 மார்ச்சில் ஐரோப்பியச் சட்டம் ஒன்றால் அங்கே வேறு ஆப் கடைகளையும் ஐபோனில் அனுமதிக்க வேண்டி வந்தது. 2024 ஜூனில் அறிவித்த புத்திசாலி 'சிரி'யை 2025 மார்ச்சில் தள்ளிப் போட்டார்கள்.

கடைசியாகச் சொன்னதைத்தான் கவனிக்க வேண்டும். இதுவரை ஆப் ஆப்பாகத் திறந்து வேலை செய்கிறோம். நாளைக்கு 'மதுரைக்கு ஒரு டிக்கெட் போடு' என்று வாயால் சொன்னதும் செயற்கை அறிவே முடித்துக் கொடுத்தால், ஆப் ஸ்டோர் என்ற பெரிய கோட்டைக்கு மதிப்பு குறையலாம். 2007-ல் பொத்தானுக்கு நேர்ந்தது ஆப்புக்கும் நேரலாம். நேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அப்படி ஒன்று வந்தால், அதை ஆப்பிளே முதலில் செய்கிறதா, வேறொருவன் செய்ய விட்டு வேடிக்கை பார்க்கிறதா என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

ஆக, கேள்விக்கு என் பதில்: பெயர் நிலைக்கலாம், அதே பொருள் நிலைக்காது. உள்ளே இருக்கிற பொருளைத் தானே மாற்றிக்கொண்டே இருப்பவருக்குத்தான் வெளியே உள்ள பெயர் மிஞ்சும்.

ஸ்ரீபெரும்புதூரில் நின்ற லைன்

பின்லாந்தில் அடித்த புயலுக்கு இங்கே கூரை பறந்தது. அந்தக் கதைக்கு வருவோம்.

2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர். பெரும் பகுதியினர் பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த இளைஞர்கள். அதிலும் இளம் பெண்கள் அதிகம். காலையில் கம்பெனி பஸ் பல மாவட்டத்து கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றி வந்தது. பல வீடுகளில் முதல் மாதச் சம்பளம் என்பதே அந்தப் பிள்ளையுடையதுதான்.

2013-ல் வருமான வரி வழக்கு வந்து சொத்து முடக்கப்பட்டது. அதனால் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாப்டுக்குப் போனபோது இது போக முடியாமல் நின்றது. மைக்ரோசாப்டுக்காகக் கூலிக்கு போன் செய்து கொடுக்கும் ஆலையாகச் சில மாதம் ஓடியது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பியிருந்த பக்கத்து பாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நிறுத்தியது.

வரி வழக்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த போன்கள் உலகமெங்கும் சக்கைப்போடு போட்டிருந்தால், ஆர்டர் அவ்வளவு சுலபத்தில் நின்றிருக்குமா?

இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பாக்ஸ்கான் திரும்பி வந்தது. 2019 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறது. அதே 2019-ல் பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி எடுத்துக் கொள்வதாக அறிவிக்கப்பட்டு, பிறகு அங்கே மறுபடி லைன் ஓடத் தொடங்கியது. பழைய போன் போனது, புதிய போன் வந்தது, இடம் அதேதான். ஆனால் நடுவில் போன அந்த ஐந்து வருடம்? 2014-ல் கணக்கு முடித்து அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அதை யார் திருப்பிக் கொடுப்பார்?

நமக்கு என்ன பாடம்?

இவ்வளவும் எழுதியது யாரையும் பயமுறுத்த அல்ல. இந்தத் தொழிற்சாலைகள் வேண்டும். நமக்கு வேலை தருவது அவைதான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு உள்ளே போவோம்.

ஒன்று: கேம்பஸ் இன்டர்வியூவில் 'ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள். தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள். இந்த ஆலை எத்தனை கம்பெனிகளுக்குப் பொருள் செய்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரே ஒரு வாடிக்கையாளர் என்றால், அவர் தும்மினால் உங்களுக்கு ஜலதோஷம்.

இரண்டு: லைனில் ஒரே ஸ்க்ரூவை முடுக்குவது மட்டும் தெரிந்தவருக்கு, மாடல் போனால் வேலை போச்சு. எஸ்.எம்.டி. மெஷினை செட் செய்வது, ரீப்ளோ அவனின் வெப்ப அளவைச் சரி பார்ப்பது, போர்டில் பழுது எங்கே என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பது – இவையெல்லாம் நோக்கியா போர்டுக்கும் ஒன்றுதான், ஐபோன் போர்டுக்கும் ஒன்றுதான், நாளைக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கண்ட்ரோலருக்கும் ஒன்றுதான். சூப்பர்வைசரிடம் கெஞ்சியாவது பக்கத்து மெஷினையும் கற்றுக் கொள்ளுங்கள்.

மூன்று: நம் கையிலுள்ள டிப்ளமோவும் ஒரு மாடல்தான்! மூன்று வருடம் படித்த சிலபஸ் வெளியே வரும்போதே பாதி பழசாகியிருக்கும். நம்மை முந்தப் போகிறவன் நாமாகவே இருக்கட்டும். ஆப்பிள் ஐபாடுக்குச் செய்ததை நாம் நமக்குச் செய்து கொள்ள முடியும். சாயங்கால நேரத்தில் ஒரு புது மென்பொருள், லீவு நாளில் ஒரு சர்வீஸ் கடையில் சோல்டரிங், முடிந்தால் பகுதி நேர பி.இ.

சந்தை மாறுவதை நம்மால் நிறுத்த முடியாது. நோக்கியாவாலேயே முடியவில்லை. எந்த போன் ஜெயித்தாலும் அதன் உள்ளே இருக்கிற போர்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஏதாவது ஒரு லைனில் இடம் இருக்கும். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒருவராக வெளியே போக வேண்டும். அதற்கு லேப் பீரியடில் மீட்டரை நாமே கையில் எடுப்பதுதான் முதல் வேலை.